வாசல் பேச்சு

கருவாட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த காக்கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு கிளம்பின. வெறுங்கூடையைக் கையால் தட்டிக்கொண்டே மணலில் ஓடிவந்தாள் அன்னக்கிளி. மூச்சு வாங்கியது. தலைச் சும்மாடு அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"யக்கா, முத்தம்மாக்கா. ஒம் புள்ள காலேஜு வராண்டாவுல நிக்கிறான்."

குந்தி உட்கார்ந்து நெத்திலியைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்த முத்தம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "நிக்கட்டும். காத்து வாங்குவான்."

"காத்து வாங்கலக்கா. தூணோட தூணா நிக்கிறான். உள்ள எல்லாப் பசங்களும் உக்காந்து எழுதறாங்க, இவன் மட்டும் வெளிய. வெள்ளிக்கெழமயும் பாத்தேன். சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல."

"சோறு எறங்காத மூஞ்சியப் பாரு" என்றாள் முத்தம்மாள். ஆனால் நெத்திலி கையிலேயே நின்றுவிட்டது.

மாசி மகத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தீர்த்தவாரிக்காகக் கடற்கரையைச் சுத்தம் செய்து, கட்டுமரங்களை வடக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். வாடைக்காற்று ஓயாமல் இன்னும் கடலைக் கலக்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் வைத்திக்குப்பத்திலிருந்து காலேஜுக்குப் போனவன் ஒரே ஒருத்தன்தான். முத்தம்மாளின் மகன் கலியபெருமாள். பி.யு.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்பு. அவனை அனுப்புவதற்கு முன்னால் அவன் அப்பா காசிலிங்கம் ஒரே ஒரு பேச்சுதான் பேசியிருந்தார். "ஒரு வருசம். பரீச்சை எழுதித் தேறினான்னா படிக்கட்டும். இல்லாட்டி கட்டுமரத்துல ஏறட்டும்."

அன்று சாயங்காலம் கலியபெருமாள் வீடு வந்தபோது காசிலிங்கம் வாசலில் உட்கார்ந்து துடுப்பு சீவிக்கொண்டிருந்தார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு துடுப்பு இருந்தது. இது மூன்றாவது. மகனைப் பார்த்ததும், "கைய நீட்டு" என்றார். நீட்டினான். துடுப்பின் பிடியை அவன் உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து சீவ ஆரம்பித்தார். வேறொன்றும் கேட்கவில்லை. சேதி அவர் காதுக்கும் போயிருந்தது.

முத்தம்மாள் மகனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தினி நாளா?"

"இன்னியோட பதினோரு நாளு."

"இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல. க்ளாஸுல எவனோ பின்னாலேர்ந்து கொரலு குடுத்தான். சரித்திரம் நடத்தற முசே நான்னு நெனச்சிட்டாரு. உண்மையச் சொல்ற வரைக்கும் உள்ள வராதன்னுட்டாரு."

"மத்த வகுப்புக்கெல்லாம் உள்ள போறியா?"

"போறேன். சரித்திரத்துக்கு மட்டுந்தான் வெளிய. ஆனா அதுலயும் நாளு கணக்கு இருக்கு. நூத்துக்கு எழுபத்தஞ்சு இருக்கணும். சனிக்கெழம லிஸ்ட்டு அனுப்பறாரு. இந்த வாரம் பூரா வெளிய நின்னா, பரீச்சைக்கே விட மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குடா தெனம் போயி அங்க நிக்கிற?"

"வெளிய நின்னாலும் பாடம் காதுல உழுது" என்றான். நோட்டைக் காட்டினான். பதினோரு நாளும் தூணின்மேல் வைத்து எழுதியது. எழுத்து மேலும் கீழுமாக ஆடியிருந்தது. அதைப் பார்த்ததும் முத்தம்மாளுக்குக் கோபம் பொங்கியது.

"யாரு அந்த முசே?"

கலியபெருமாள் கடல் பக்கம் பார்த்தான். "சவரிநாதன் முசே."

"எந்தச் சவரிநாதன்? நம்ம கொடுவாத் தல முசேவா?"

அவன் தலையாட்டினான்.

பிரெஞ்சுக்காரன் போய் ஏழு வருஷம் ஆகியும் ஊரில் 'ஐயா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரியவர்கள் 'முசே' என்றும், 'அம்மா' என்பதற்கு 'மதாம்' என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவரிநாதன் முசே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் சரித்திரம் சொல்லித் தந்தவர். ஆட்சி மாறியதும் நாற்பது வயதுக்கு மேல் அகராதி வைத்து இங்கிலீஷ் படித்துக் காலேஜ் லெக்சரர் ஆனவர். வெயில் எவ்வளவு அடித்தாலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். அவர் உள்ளே நுழைந்தால் பையன்கள் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். வருகைப் பதிவேட்டைத் திறந்துவிட்டால் ஈ பறக்கக் கூடாது. ஆனால் எந்தப் பையனையும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. 'நீங்க சொல்லுங்க கலியபெருமாள்' என்பார். முதல் நாள் அதைக் கேட்டபோது கலியபெருமாள் தன் பின்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தான். குப்பத்தில் யாரும் அவனை 'நீங்க' என்றதில்லை.

அந்த முசேயை முத்தம்மாளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது வேறு முசே. மிஷன் வீதிக்குப் பின்னால் இருந்த சின்னச் சந்தில் அவர் வீடு. காலை ஏழரைக்கு அவள் வாசலில் கூடையை இறக்குவாள். மதாம் பிலோமின் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் எடுப்பாள். உள்ளே கதவுக்குப் பின்னால் லுங்கியும் பனியனுமாக நிற்கும் முசேயின் குரல் மட்டும் வரும். அவருக்குக் குடலில் புண். காரமும் எண்ணெயும் ஆகாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கோ கொடுவாத் தலைக் குழம்பென்றால் உயிர். மதாமோ கொடுக்க மாட்டாள். மீன் வரும் ஒவ்வொரு காலையிலும் அவர் கெஞ்சுவதும் மதாம் மறுப்பதும் நடக்கும்.

முத்தம்மாளுக்கு ஒரு வித்தை உண்டு. அவள் போகிற வாசல்களில் இருக்கும் ஆள்களை எல்லாம் அப்படியே பேசிக் காட்டுவாள். சாயங்காலம் கருவாட்டை அள்ளிக் கட்டும்போது பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "யக்கா, போலீசுக்காரன் பொண்டாட்டிய பேசு. அந்த மில்லு கணக்குப்பிள்ளையப் பேசு." பேசுவாள். கடைசியில் எல்லோரும் கேட்பது முசேயைத்தான். முத்தம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிலோமினைப் 'பிலோமீன்' என்று மூக்கால் இழுத்து, அதிகாரமாக ஆரம்பித்துப் பாதியிலேயே குழைந்துவிடுகிற அந்தக் குரலில் ஒரு தலைக்காகக் கெஞ்சுவாள். அன்னக்கிளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா, அவருதான் நம்ம வாடிக்கைன்னு?" என்று கேட்டாள் முத்தம்மாள்.

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் நோட்டை மூடினான். அதற்கான பதில் அவளுக்கும் தெரியும். மீன்காரி மகன் என்று முசேவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பான். அது அவளுக்கு வலிக்கவில்லை. வலித்தது தூணின்மேல் வைத்து எழுதிய நோட்டுதான்.

"பதினோரு வருசமா நான் பொறுக்கிக் குடுத்த மீன தின்னவரு, எம் புள்ளைய நாயி மாதிரி வெளிய நிக்க வச்சிருக்காரா" என்றாள். "பாக்கறேன்."

வைத்திக்குப்பத்துக் கூடைக்காரிகள் ஊர் வீதிகளைத் தங்களுக்குள் பங்கு போட்டிருந்தார்கள். ஒருத்தி வீதியில் இன்னொருத்தி போக மாட்டாள். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மட்டும் கேட்டுக்கொண்டு போகலாம். எங்கேயும் எழுதி வைக்காத கட்டுப்பாடுகள் அவர்களுக்கு இரண்டு உண்டு. ஒருத்தி ஒரு வாசலில் கூடை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால், காரணம் கேட்காமல் மற்ற யாரும் அந்த வாசலில் இறக்கக் கூடாது. இது ஒன்று. ஒரு வாசலில் காதில் விழுந்ததை இன்னொரு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இது இரண்டாவது. இரண்டாவதை மீறியவளுக்கு வீதி போய்விடும். ஜெயம் என்பவள் ஒரு வக்கீல் வீட்டுச் சண்டையை எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். ஒரே நாளில் அவள் வீதியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவள் முத்தியால்பேட்டைக் கடைத்தெரு ஓரத்தில், வெயிலில், வருகிறவன் போகிறவனைக் கூப்பிட்டு விற்றுக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை முத்தம்மாள் முசே வீட்டு வாசலைக் கடந்து போனாள். கூவலை மட்டும் வழக்கத்தைவிட உரக்கக் கூவினாள். "சங்கரா, கெளங்கா, கொடுவாவேய்." கொடுவாவை இரண்டு தடவை சொன்னாள்.

மதாம் பிலோமின் கையில் தட்டோடு வெளியே வந்து, தெருவில் தூரத்தில் போகிற கூடையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

புதன்கிழமை மதாம் தெருமுனைக்கே வந்து காத்திருந்தாள். அன்றைக்கு அன்னக்கிளிதான் முதலில் அந்தப் பக்கம் போனாள். "கூடைய எறக்கு" என்றாள் மதாம்.

"அது முத்தம்மாக்கா வாசலு மதாம். நான் எறக்கக் கூடாது."

"அவ நிக்க மாட்டேங்கறாளே."

"அப்ப யாரும் நிக்க மாட்டோம் மதாம்."

பெரிய மார்க்கெட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் இவர்களுடைய நாத்தனார்களும் அண்ணிகளும்தான். மதாம் மூச்சிரைக்க நடந்து முத்தம்மாளைப் பிடித்தாள்.

"ஏ முத்தம்மா, என்ன கோவம் உனக்கு? நான் என்ன கொறைச்சேன்?"

"நீங்க ஒண்ணும் கொறைக்கல மதாம். ஒங்க வூட்டுக்காரரக் கேளுங்க. காலேஜுல எம் புள்ளைய வெளிய நிக்க வச்சிருக்காரு."

"உன் புள்ளையா? அவர்கிட்டயா படிக்கிறான்? எனக்குத் தெரியாதே. என்ன தப்புப் பண்ணான்?"

"தப்பே பண்ணாதவன் மதாம் அவன். அதான் கோவம்."

மதாம் வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் தெருவில் பார்த்தபோது அவளே சொன்னாள். "வாயத் தொறக்க மாட்டேங்கறாரு முத்தம்மா. அப்படி என்ன பண்ணிட்டான்னு கேட்டா எழுந்து போயிடறாரு. பிரின்சிபால்கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னேன். சொல்ல முடியாதுங்கறாரு. நாளைக்கு வெள்ளிக்கெழம. கறி ஆக்கக் கூடாது, மீனும் இல்ல. நான் என்னத்த ஆக்கிப் போடறது?"

மாதா கோயிலுக்குப் போகிற வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. முத்தம்மாளுக்கு அது தெரியும். ஒரு நிமிஷம் மனசு இளகியது. பிறகு தூணும் நோட்டும் ஞாபகத்துக்கு வந்தன. "முட்ட அவிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

குப்பத்தில் அவளுக்குப் பேர் ஏறிப்போயிருந்தது. காலேஜ் வாத்தியாரையே மடக்கிவிட்டாள் என்றார்கள். பஞ்சாயத்துக்காரர் குப்பன்கூட வழியில் நிறுத்தி, "விடாத முத்தம்மா" என்றார். காசிலிங்கம் மட்டும் சந்தோஷப்படவில்லை. துடுப்பு முடிந்து, எண்ணெய் தடவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் முத்தம்மாளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டோமா இல்லையா என்று இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். ராமதாஸ். முத்தியால்பேட்டையில் வீடு, அப்பா பஞ்சாலையில் குமாஸ்தா. கலியபெருமாளின் வகுப்புத் தோழன். கரும்பலகையில் எழுதிப்போட்ட வருஷங்களும் படங்களும் வெளியிலிருந்து தெரியாது என்று தன் நோட்டைக் கொண்டுவந்திருந்தான். கலியபெருமாள் அப்பாவோடு வலை உதறப் போயிருந்தான்.

"உக்காரு தம்பி. வந்துடுவான்" என்று முத்தம்மாள் தட்டு வைத்து, சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டாள். பையன் கூச்சப்படாமல் சாப்பிட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கத்தினவன் எவன்னு உனக்குத் தெரியுமா தம்பி? அவன் பேரச் சொன்னா எம் புள்ள உள்ள போவான் இல்ல?"

ராமதாஸ் கையில் இருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளைப் பார்த்தான். "வேற யாரும்மா? கலியபெருமாள்தான்."

"இன்னா சொல்ற?"

"உங்ககிட்ட சொல்லலியா? போச்சு, நான்தான் உளறிட்டேனா?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வாலிபப் பையன். ஒரு நல்ல வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை. "சும்மா சொல்லக் கூடாதும்மா. அப்படியே முசேதான். முசே ரிஜிஸ்டரத் தொறந்து மூச்ச இழுத்தாரு பாருங்க, பின்னாலேர்ந்து அவரு கொரல்லயே, 'பிலோமீன், இன்னைக்கு ஒரே ஒரு நாளைக்கு அந்தத் தலைய எனக்கு வச்சிடேன்'னு. க்ளாஸே உருண்டு பொரண்டு சிரிச்சிச்சு. பிலோமீன் யாரு, என்ன தலை, ஒண்ணும் எங்களுக்குப் புரியல. குரலுக்கே சிரிச்சோம். ஆனா முசே மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. ஒவ்வொருத்தனா எழுப்பி, எந்த ஏரியான்னு கேட்டுட்டே வந்தாரு. இவன் வைத்திக்குப்பம்னதும் நிறுத்திட்டாரு."

முத்தம்மாள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டாள். குழம்பு தெறித்துக் கையில் பட்டது. அவளுக்குச் சுடவில்லை.

ராமதாஸ் நோட்டை வைத்துவிட்டுப் போன பிறகு கலியபெருமாள் வந்தான். அம்மா முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். வெளிச்சம் இன்னும் இருந்தது. இருவரும் இழுத்துப்போட்டிருந்த கட்டுமரத்தின் மறைவில் உட்கார்ந்தார்கள்.

"நான் பேசறத நீ கேட்டுட்டு இருந்தியா?"

"சின்னப் புள்ளையிலேர்ந்து கேக்கறேன்."

"கேட்டா? அத அங்க போயித்தான் கொட்டணுமா?"

அவன் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னான். "மொத மூணு மாசம் எம் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். மீனு வாசன வருதும்பாங்க. காலையில மரத்துலேர்ந்து எறங்கி, ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுத்தான் போவேன். அப்பவும் சொல்லுவாங்க. ஒரு நாளு காப்பிக் கடையில சும்மா முசே மாதிரி செஞ்சு காட்டினேன். ராமதாஸு தோள் மேல கையப் போட்டான். அப்புறம் தெனம் கேட்டாங்க. முசேவ பேசு, முசேவ பேசுன்னு."

சுற்றி உட்கார்ந்து 'பேசு, பேசு' என்று கேட்கிறவர்கள் முன்னால் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முத்தம்மாளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அன்னிக்கு க்ளாஸுல பண்ணணும்னு நெனைக்கல. அவரு மூச்ச இழுத்ததும் என் வாயில தானா வந்துடுச்சி. நாப்பது பேரு சிரிச்சாங்க. அவரு என்னப் பாத்து, 'நீ வெளிய போ'ன்னாரு. மொத தடவையா நீன்னாரு."

"மன்னிப்புக் கேக்க வேண்டியதுதானே? எதுக்கு எங்கிட்ட பொய்யி?"

"மன்னிப்புக் கேட்டா, அந்தப் பேச்ச எங்க கேட்டன்னு கேப்பாரு. அதத்தான் தெனம் கேக்கறாரு. யாரு சொன்னா, யாரு சொன்னான்னு. உம் பேரச் சொன்னா ஒன் வீதி போயிடும். ஜெயத்துக்குப் போன மாதிரி."

காற்று முந்தானையைப் பிடுங்கியது. முத்தம்மாள் அதை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஒரு வாசல் பேச்சையும் இன்னொரு வாசலில் அவள் இறக்கியதில்லை. கருவாட்டுத் திடலும் ஒரு வாசல்தான் என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டாமலே போய்விட்டது. அந்த விஷயம் இரண்டு மைல் நடந்து காலேஜுக்குள் போயிருக்கிறது. அது மட்டுமா? தன் தப்புக்குத் தண்டனையாக அவளே முசே வீட்டு மீனை நிறுத்தியிருக்கிறாள். பதினெட்டுப் பெண்கள் அவள் பேச்சை நம்பி அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள்.

"பொழுது விடிஞ்சதும் சட்டையப் போட்டுக்கினு எங்கூட வா" என்றாள்.

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா ஒனக்கு?"

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஏலத்தில் முத்தம்மாள் ஒரு கொடுவாவைத்தான் குறி வைத்து எடுத்தாள். கண் பளிச்சென்று இருந்தது, செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. தலை மட்டுமே இரண்டு கை அகலம். கூடையைத் தூக்கி வைக்க வந்த அன்னக்கிளியிடம் சொன்னாள்.

"நான் இன்னிக்கி முசே வாசல்ல கூடைய எறக்கப் போறேன்."

"மசிஞ்சிட்டாரா? எனக்குத் தெரியும்க்கா, மசிவாருன்னு."

"அவரு மசியல. சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லு, இன்னான்னு சொல்றேன். கேட்டுட்டு, அந்த வீதிய யாருக்குக் குடுக்கணுமோ குடுத்துக்குங்க."

அன்னக்கிளி வாயைத் திறந்தபடி நின்றாள். முத்தம்மாள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பத்தடி பின்னால் கலியபெருமாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். வழியில் இரண்டு தடவை நின்றான். இரண்டு தடவையும் அவள் திரும்பிப் பார்க்காமலே, "வா" என்றாள்.

வாசலில் நின்று கூவினாள். அன்றைக்கு அவள் கூவலில் பலமில்லை. ஆனாலும் உள்ளே கேட்டுவிட்டது. கொல்லைப்புறச் சமையலறையிலிருந்து மதாமின் குரல் வந்தது. "வந்துட்டா பாருங்க. தட்ட எடுத்துட்டுப் போங்க, என் கையெல்லாம் மாவு."

கதவு திறந்தது. லுங்கி, பனியன், மூக்குக் கண்ணாடி. கையில் எனாமல் தட்டு. முத்தம்மாளுக்குப் பின்னால் நின்ற பையனைப் பார்த்ததும் சவரிநாதன் முசே தட்டை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார், கோட்டு இல்லாத குறையை அது மறைத்துவிடும் என்பதுபோல.

"இவர்தானே உன் பையன்?"

"ஆமா முசே."

"இத்தனை நாளா சொல்லவே இல்ல, ரெண்டு பேரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுக்குப் பேரு மிரட்டல் முத்தம்மா. மீன நிறுத்தினா நான் உள்ள விட்டுடுவேன்னு நெனச்சியா?"

"மீன நிறுத்தினது எந் தப்பு. அத எடுத்துட்டேன். இந்தாங்க" என்று கூடையை இறக்கினாள்.

கலியபெருமாள் முன்னால் வந்தான். "நான்தான் முசே கத்தினேன். வேற யாரும் இல்ல."

"அது எனக்குப் பதினாலு நாளா தெரியும்" என்றார் முசே. "நான் கேட்டது அது இல்ல. என் வீட்டுக்குள்ள பேசினத என் வகுப்புல கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து பாடம் நடத்தறேன். ஒருத்தர் சிரிச்சதில்ல. இப்ப இந்த வயசுல இங்கிலீஷ் படிச்சு, தப்பு வந்துடுமோ தப்பு வந்துடுமோன்னு தெனம் கண்ணாடி முன்னால ஒப்பிச்சுப் பாத்துட்டுப் போறேன். அதையும் யாராவது கேட்டுட்டு இருக்காங்களா? ரிஜிஸ்டரத் தொறக்கறப்பல்லாம் பின் பெஞ்சுப் பக்கமே பாக்கறேன். யாரு என் சுவத்துல காது வச்சதுன்னு தெரியாம நான் எப்படி அங்க நிக்கிறது?"

பதினோரு வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவத்துல யாரும் காது வைக்கல முசே. வாசல்ல கூடையோட நின்னேன். நான்தான் கேட்டேன். கேட்டத எங்க குப்பத்துல நான்தான் பேசிக் காட்டினேன். எம் புள்ள எங்கிட்டேர்ந்து எடுத்துக்கினு போயிட்டான். அந்தக் கொரலு என்னுது."

முசே தலையை ஆட்டினார். "இல்ல. பையனக் காப்பாத்தறதுக்குச் சொல்ற. அது பொம்பளக் குரல்லேர்ந்து கத்துக்கிட்டது இல்ல. அது என் குரல். நான் பேசறேனோன்னு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. வேற யாரோ இருக்காங்க. யாருன்னு சொல்லு."

"வேற யாரும் இல்ல முசே."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டுக்குப் பதிலாகக் கையில் நீளமான வருகைப் பதிவேடும் பேனாவும் இருந்தன. கதவு நிலையில் வைத்துத் திறந்தார். கலியபெருமாள் பேருக்கு நேரே பதினாலு சிவப்புக் கோடுகள்.

"நாளைக்கு லிஸ்ட் போகுது. அது உன் குரல்தான்னு எனக்குக் காட்டு. காட்டினா, இந்தப் பதினாலு நாளும் வந்தார்னு மாத்திக் கையெழுத்துப் போடறேன். வராண்டாவுல நின்னாலும் அவர் வந்தார்தானே. பொய்யின்னா, இப்படியே போகும்."

முத்தம்மாளுக்கு வியர்த்துவிட்டது. எத்தனையோ பேரை எத்தனையோ தடவை பேசிக் காட்டியிருக்கிறாள். ஒருத்தரையும் அவர்கள் முகத்துக்கு நேராகப் பேசியதில்லை. மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுவரில் சாய்த்து வைத்த துடுப்பு கண் முன்னால் வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்தாள், மண்ணை வெறித்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள், மூக்கால் ஒரு மூச்சை இழுத்தாள்.

"பிலோமீன்... இன்னைக்கு ஒரே ஒரு நாளைக்கு... அந்தத் தலைய எனக்கு வச்சிடேன்."

முசேயின் கையில் பேனா அப்படியே நின்றது. கொல்லைப்புறத்தில் பாத்திரம் ஒன்றை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மதாம் பிலோமினின் குரல் வீடு முழுக்கக் கடந்து தெருவுக்கு வந்தது.

"மீன் வந்த அன்னிக்கே ஆரம்பிச்சிட்டீங்களா? இன்னொரு தடவ கெஞ்சினீங்கன்னா உள்ள வராதீங்க, அப்படியே வெளியவே நில்லுங்க."